சிராவில் விட்டுவந்த பங்காளிக்கு

பங்காளி,

போன புதன்கிழமை என் மகள் பரணைச் சுத்தம் செய்தாள். பழைய டிரங்குப் பெட்டிக்குள் கிடந்த நம் வண்டிக் கம்பளியை எடுத்து மொட்டைமாடிச் சுவரில் வெயிலுக்குப் போட்டாள். "ஏனுங்கப்பா, இதைத் தூக்கிப் போட்டுறட்டுங்களா? என்னமோ மாதிரி நாத்தமடிக்குதுங்க" என்று கீழே வந்து கேட்டாள். நான் மேலே போய்ப் பார்த்தேன். டீசல், வெங்காயம், பீடிப் புகை, உடம்புச் சூட்டுக்கென்று நீ வழிய வழியத் தலையில் தேய்க்கும் விளக்கெண்ணெய். எல்லாம் அப்படியே இருந்தது. உன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர இப்போதெல்லாம் எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. அந்த வாசனை வந்ததும் நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஒரே லாரியை ஏழு வருஷம் இரண்டு பேரும் ஓட்டினோம். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஏழு மாதம் தேறாது. நான் ஸ்டீயரிங்கில் இருந்தால் நீ என் முதுகுக்குப் பின்னால் பலகையில் படுத்திருப்பாய். நீ ஓட்டினால் நான் படுத்திருப்பேன். நடுவில் என் மனைவியின் பழைய சேலையில் தைத்த ஒரு திரை. இரண்டு டிரைவர் இருக்கும் வண்டிக்குக் கிளீனர் எதற்கு என்று முதலாளி கணக்குப் பார்த்துவிட்டதால் மூன்றாவது ஆளும் கிடையாது. நான் படுக்கப் போகும்போது அந்தப் பலகையில் உன் உடம்புச் சூடு இன்னும் இருக்கும். "ஊட்டுக்காரிகிட்டப் படுத்ததைவிட உன்ற சூட்டுல படுத்ததுதான் எச்சா" என்று ஒருநாள் சொன்னேன். "இதைப் போயி ஊட்ல சொல்லிப் போடாதே, இருக்கற சோறும் போயிரும்" என்றாய்.

ஆள் மாறும்போது ஐந்து நிமிஷம் பேசுவோம். டயரை ஒரு சுற்றுத் தட்டிப் பார்ப்போம், தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துப் பார்ப்போம், ஒரு டீ. இரண்டாவது கியர் முரண்டு பிடிக்குது, முன்னால் பாலம் வேலை நடக்குது, இவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஒருவன் ஓட்ட வேண்டும், மற்றவன் தூங்க வேண்டும். தூங்குகிறவனை எதற்காகவும் கூப்பிடக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். "தூங்கறவனைத் தொடாதே பங்காளி. நமக்கு இருக்கற ஒரே ஊடு அதுதான்" என்பாய். பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டு ஓட்ட உட்கார்ந்த ஒரு சிநேகிதனைப் புனே பக்கம் பள்ளத்திலிருந்து தூக்கியவன் நீ. அதனால் அந்தச் சட்டத்தில் உன்னிடம் விளையாட முடியாது.

அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சட்டமும் வந்தது. வண்டி எங்காவது நிற்கும்போது, ஓட்டுகிறவன் இறங்கிப் போயிருக்கையில் படுத்திருப்பவன் எழுந்து ஒதுங்கப் போனால், தன் துண்டை ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். திரும்பி வருகிறவன் துண்டைப் பார்த்தால் காத்திருப்பான். துண்டு இல்லையென்றால் ஆள் உள்ளே தூங்குகிறான் என்று அர்த்தம். திரையை விலக்கிப் பார்க்கவே வேண்டியதில்லை, தூக்கமும் கெடாது. வேறு வண்டிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். நமக்கு அது ஏழு வருஷமும் ஓடியது, ஒருநாளைத் தவிர.

அந்த நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை.

உன் தங்கைக்கும் உனக்கும் பேச்சு நின்று அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. உன் அம்மா சாகக் கிடந்தபோது நாம் நாக்பூருக்கு அந்தப் பக்கம் இருந்தோம். தகவல் வந்து, லோடை இறக்கி, வண்டியைத் திருப்பிக் கோபிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "அம்மா மூணு நாளா வாசலையே பாத்துட்டுக் கெடந்துச்சு. நீங்க லோடு எறக்கிட்டு இருந்தீங்க" என்று அவள் சொன்னதை நீ என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். அதற்குப் பிறகு கோபி பெயர்ப் பலகை வந்தாலே நீ திரைக்குள் போய்விடுவாய்.

அப்படி இருக்கையில் அவளே லாரி ஆபீஸ் முகவரிக்குக் கார்டு போட்டிருந்தாள். நீ அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, ஆள் மாறும்போதெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினாய். பாப்பா பெரியவளாகிவிட்டாள், வெள்ளிக்கிழமை பொழுது சாயும் முன்னால் திரட்டிச் சீர், தாய்மாமன் நீங்கள் வந்துதான் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தாள். கடைசியில், "இந்த வாட்டியும் வண்டி மேல பழியப் போட்டுப் போடாதீங்க அண்ணா" என்று ஒரு வரி. அந்த வரியைப் படிக்கும்போது மட்டும் உன் குரல் இறங்கிவிடும்.

நாசிக் பக்கம் வெங்காயம் ஏற்றித் திரும்பினோம். கோலாப்பூரில் வண்டியை நிறுத்தி, நான்கு கடை ஏறி இறங்கி, அரக்குக் கலரில் ஒரு பட்டுப் பாவாடைத் துணியும் ஒரு ஜோடிக் கொலுசும் வாங்கினாய். என்னை விரலில் துணியைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னாய். என் விரலில் கிரீஸ் இருந்தது, கழுவிவிட்டு வரச் சொன்னாய். இரண்டையும் பலகைக்கு அடியில் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாய்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது சித்ரதுர்கா தாண்டி வந்துகொண்டிருந்தோம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. குனிகல், மத்தூர், சாமராஜநகர் வழியாகத் திம்பம் மலை இறங்கினால் நாலு மணிக்குச் சத்தியமங்கலம். நீ அங்கே இறங்கிப் பஸ் பிடித்தால் ஐந்து மணிக்குத் தங்கை வீடு. நான் வெங்காயத்தோடு கோயமுத்தூர் போய்விடுவேன். ஓட்ட வேண்டியது இன்னும் இரண்டு மணி நேரம் உன் முறைதான். நான்தான் பிடிவாதமாக உன்னை ஸ்டீயரிங்கிலிருந்து எழுப்பிவிட்டேன். "போயிப் படு. சீருல நிக்கற மாமன் தூங்கி விழுந்தா நல்லாவா இருக்கும்?" என்றேன். எனக்கே அரைகுறைத் தூக்கம், கண்ணுக்குள் மணல் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் உன்னை ஒருநாளாவது முழுசாகத் தூங்கவைத்து அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

சிராவில் டீசல் போட நிறுத்தினேன். பங்கில் கூட்டம். ரசீது வாங்க உள்ளே போனவன், அங்கேயே சுவரில் சாய்ந்து இரண்டு நிமிஷம் கண் மூடினேன். திரும்பி வந்து ஏறி உட்கார்ந்தேன். ஸ்டீயரிங்கில் துண்டு கட்டியிருந்தது, பங்காளி.

கட்டியிருந்தாய். சின்ன முடிச்சு. நான் அதை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தேன், தோளில் போட்டுக்கொண்டேன், வண்டியைக் கிளப்பினேன். ஈரோட்டுச் சந்தையில் அரை டஜனாக வாங்கிய ஒரே மாதிரித் துண்டுகள், தூக்கக் கலக்கத்தில் அதை என்னுடையது என்றே நினைத்துவிட்டேன். என் துண்டு தலையில் கட்டியிருப்பதே எனக்கு நினைவில்லை. நீ தண்ணீர்ப் பாட்டிலோடு அந்தப் பங்கின் பின்பக்கத்தில் எங்கோ இருந்தாய்.

அதற்குப் பிறகு நான் ஓட்டியதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு ஓட்டிய மாதிரி நான் என் வாழ்நாளில் ஓட்டியதில்லை. வேகத்தடையில் எல்லாம் முட்டையை இறக்கி வைக்கிற மாதிரி இறக்கினேன். டேப்பைப் போடவில்லை. ஹாரனைக் கூட அளவாக அடித்தேன். தும்கூர் தாண்டி ஒரு பெரிய குழியில் பின்சக்கரம் விழுந்தபோது, திரைப் பக்கம் தலையைத் திருப்பி, "தூங்கு தூங்கு, ஒண்ணுமில்லை" என்று மெதுவாகச் சொன்னேன். இரண்டரை மணி நேரம் ஒரு வெறும் பலகையைத் தூங்க வைத்துக்கொண்டு போனேன்.

குனிகல்லில் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி முகம் கழுவினேன். தோளில் இருந்த துண்டால் துடைத்தேன். ஈரமாகிவிட்டதே என்று தலையில் இருந்ததையும் அவிழ்த்தேன். இரண்டு கையிலும் இரண்டு துண்டு. அங்கேயே நின்றேன். டீக்கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார், எனக்குக் காதில் விழவில்லை. ஓடிப்போய்த் திரையை இழுத்தேன். கம்பளி மடிக்காமல் கிடந்தது. உன் சட்டை ஆணியில் தொங்கியது, அதன் பையில் காசும் அந்தக் கார்டும் இருந்தன. செருப்பு கீழே கிடந்தது.

வண்டியைத் திருப்பினால் வழியில் நீ வேறு வண்டியில் என்னைத் தாண்டிவிடலாம். திருப்பாவிட்டால் நீ எப்படி வருவாய் என்று தெரியாது. எந்தப் பாதையில் போகிறோம் என்பது உனக்குத் தெரியும், அதனால் வருவாய் என்று நம்பிச் சாலையின் நடுவிலேயே நின்றேன். தும்கூர் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு லாரியையும் கை காட்டி நிறுத்தி, "லுங்கி பனியனோட ஒருத்தரைப் பாத்தீங்களாங்க?" என்று கேட்டேன். சிலர் திட்டினார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. மணி பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு மணிக்கு ஒரு சங்ககிரி வண்டி வந்து நின்றது. நீ இறங்கினாய். அந்த வண்டி நிற்பதற்குச் சற்று முன்புதான், உன் துண்டைச் சீட்டுக்கு அடியில் ஜாக்கிக்குப் பின்னால் திணித்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே பயம். துண்டைப் பார்த்தும் வண்டியை எடுத்தவன் என்று தெரிந்தால், இனி என்னை நம்பி உன்னால் கண் மூட முடியாது. படுத்திருப்பாய், தூங்க மாட்டாய். அப்புறம் ஒரே வண்டியில் எப்படி ஓட்டுவது? அந்தப் பிழைப்பு போய்விடும், நீயும் போய்விடுவாய் என்று பயந்தேன்.

நீ திட்டவில்லை. பாதத்தைத் தட்டிவிட்டுக்கொண்டே, "நல்லாப் பதனமா ஓட்டீட்டு வந்தியா? நான் நல்லாத் தூங்குனனா?" என்று சிரித்தாய். பிறகு ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கையே பார்த்தபடி கேட்டாய். "ஏம் பங்காளி, நான் துண்டு கட்டலியா?"

"காணமே" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் நீ தலையைச் சொறிந்தாய். "கட்டுன மாதிரித்தான் இருந்துச்சு. தூக்கக் கலக்கத்துல மறந்துபோட்டனாட்ட இருக்குது" என்றாய்.

இனிச் சத்தியில் பஸ் பிடித்து ஆகாது, நேரே உன் தங்கை வீட்டுக்கே வண்டியை விடுகிறேன், வெங்காயம் அழுகினால் அழுகட்டும் என்றேன். நீ படுக்கவில்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வந்தாய். மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்த பயணம் அது ஒன்றுதான், ஆனால் பேச்சே இல்லை. சாமராஜநகரில் ரயில்வே கேட். திம்பத்தில் எட்டாவது கொண்டையூசி வளைவில் மர லோடு ஏற்றிய ஒரு வண்டி திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம். மேலே இருந்து பார்த்தால் கீழே நம் சீமை வெயிலில் கிடந்தது. நீ சட்டையை மாட்டி, தலையைச் சீவி, துணிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பொழுது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பண்ணாரியில் கோயில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும், "ஆச்சு போ" என்று மட்டும் சொன்னாய்.

வாய்க்கால் கரையோரம் வாழைத் தோப்புக்குள் இருந்த அந்த வீட்டு வாசலில் நாம் போய் நின்றபோது, சமையல்காரர்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். உன் பெரியப்பா மகன் மாமன் இடத்தில் நின்று சீரை முடித்திருந்தார். உன் தங்கை வெளியே வந்தாள். உன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்க்கவில்லை. உனக்குப் பின்னால் நின்ற லாரியைப் பார்த்தாள்.

"ஒறம்பரை சனமெல்லாம் கேட்டாங்க, மாமன் எங்கேன்னு. சீர் செஞ்சு வெக்கற அருமைக்காரர் நேரம் போகுதுன்னு சொல்லியும் அரை மணி நேரம் புடிச்சு வெச்சேன். இன்னைக்கு என்னுங்கண்ணா? டயரா, எஞ்சினா?"

"வண்டி மேல தப்பில்லை அம்மணி" என்றாய். "நான்தான் மறந்துபோட்டேன்."

அவள் முகம் எப்படிப் போனது என்று நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். வண்டி மேல் பழி போடாதீர்கள் என்று எழுதியதற்காக நீ வண்டி மேலும் போடவில்லை, என் மேலும் போடவில்லை. என்ன மறந்தாய் என்று விளக்கவும் இல்லை. மாமன் சீரையே மறந்துவிட்டாய் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். நான் மூன்றடி தள்ளி நின்றேன். இரண்டு வார்த்தை போதும். நான் தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டேன். "அங்க வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். நீ பொட்டலத்தை வாசற்படியில் வைத்தாய். காற்றில் பறந்துவிடும் என்று மேலே கொலுசை வைத்தாய்.

அந்தப் பாப்பாவுக்குக் கல்யாணம் நடந்தபோது உனக்குப் பத்திரிகை தபாலில்தான் வந்தது. நாம் இருவரும் போனோம், கடைசி வரிசையில் உட்கார்ந்தோம், கடைசிப் பந்தியில் சாப்பிட்டோம். அன்றைக்கும் சொல்லியிருக்கலாம். வண்டியை முதலாளி விற்றபோது சொல்லியிருக்கலாம். உனக்குச் சர்க்கரை முற்றிப் பார்வை மங்கி, நான் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில் சொல்லியிருக்கலாம். நீயோ அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, வண்டி இருந்த வரைக்கும், இறங்கும்போதெல்லாம் துண்டை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினாய். "பாரு, கட்டீட்டேன்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாய். ஒவ்வொரு தடவையும் நான் "ஆமாமா" என்றேன். கேவலம்.

உன் சாவுக்கு அவள் வந்தாள். கால்மாட்டில் நின்றாள், அழவில்லை, போய்விட்டாள்.

கம்பளியைப் பார்த்த மறுநாள், வியாழக்கிழமை காலை, உன் தங்கையைப் பார்க்கக் கோபி பஸ் ஏறினேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு, "வாங்கண்ணா" என்று நாற்காலி போட்டாள். தண்ணீர் குடித்ததும் சொல்ல ஆரம்பித்தேன். துண்டு கட்டும் சட்டத்திலிருந்து ஜாக்கிக்குப் பின்னால் திணித்தது வரை ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் அவள் என் கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"அண்ணன் இருக்கறப்பவே நீங்க வந்து சொல்லியிருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. நான் கையைக் கூப்பினேன். அவள் அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு கேட்க ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அது எந்த ஊருங்க?"

"சிரா. கர்நாடகாவுல."

"கால்ல செருப்பு இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க. வண்டியிலேயே கெடந்துச்சு."

"கையில காசு?"

"இல்லீங்க."

"காத்தால ஏதாச்சும் சாப்ட்டிருந்தாருங்களா?"

"இல்லீங்க."

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "வண்டி கெளம்புற சத்தம் அண்ணனுக்குக் கேட்டிருக்குமில்லீங்க? பொறகால ஓடி வந்தாருங்களா?"

எனக்குத் தெரியவில்லை, பங்காளி. நான் அன்றைக்குக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. குனிகல்லில் நீ ஏறியதும், எப்படி வந்தாய் என்று கூட நான் உன்னைக் கேட்கவில்லை, பேச்சு துண்டில் வந்து நின்றுவிடுமே என்று. அதற்குப் பிறகு அத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான மைல் உன் முன்னால் உட்கார்ந்து ஓட்டியும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

"தெரியலீங்க அம்மணி" என்றேன். அவள் தலையாட்டினாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு கேள்விதான். ராத்திரி பகல் என்று இல்லாமல் அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். இதை யாரிடமும் போய்க் கேட்க முடியாது. உன்னிடம்தான் கேட்க வேண்டும்.

நீ ஓடி வந்தாயா? எவ்வளவு தூரம் ஓடினாய்?